யாரைப் பாதுகாக்கப் படிக்கிறோம்?

ஏ.எல் பெறுபேறு வந்து ஒரு கிழமை போக முதலே பேஸ்புக் முழுக்க விளம்பரம் தொடங்கிவிடும். "ஆறே மாதத்தில் எதிகல் ஹக்கர் ஆகலாம்", "சைபர் செக்கியூரிட்டி படித்தால் டொலரில் சம்பளம்". கறுப்பு ஹூடி போட்ட ஓர் உருவம் இருக்கும், பின்னால் பச்சை எழுத்து ஓடும். இதைப் பார்த்துவிட்டுத் தம்பி தங்கச்சிமார் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது: "அண்ணா, சைபர் செக்கியூரிட்டியத் தனியப் படிக்கிறதா, இல்லாட்டி கொம்பியூட்டர் சயன்ஸ் செய்து அதுக்குள்ள எடுக்கிறதா?" இரண்டாவதைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள்: "நீங்கள் படிச்சது கிறிஸ்டியன் கம்பஸ்தானே. அங்க எப்பிடி? மதம் மாத்தப் பாப்பினமோ?"

நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. தென்னிந்தியாவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தேன். கடைசி இரண்டு வருடங்களில் சைபர் பாதுகாப்பை விருப்பப் பாடமாக எடுத்தேன். அந்த அனுபவத்தில் எனக்கு இருக்கும் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைபர் பாதுகாப்பைக் கணினி விஞ்ஞானத்துக்குள் வைத்துப் படிப்பதுதான் நல்லது. அதைக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பதால் வேறு இடத்தில் கிடைக்காத ஒரு நன்மை கிடைக்கலாம். ஆனால், அந்த நன்மையை அந்தப் பல்கலைக்கழகங்களே கையில் எடுக்காமல் விட்டிருக்கின்றன.

முதல் கேள்விக்குப் பதில்

சைபர் பாதுகாப்பு என்றால் ஒரு கருவிப் பெட்டி என்ற எண்ணம் எங்களிடம் இருக்கு. காளி லினக்ஸ் போட்டு நாலு கட்டளையைப் பாடமாக்கினால் சரி என்று நினைக்கிறோம். (கிறிஸ்தவக் கம்பஸ் லாப்பில் எல்லாக் கணினியிலும் காளி குடியிருந்தது எங்கள் வகுப்பின் நிரந்தரப் பகிடி.) கருவி ஒரு கதவு திறந்திருக்கிறது என்று சொல்லும். அந்தக் கதவு ஏன் திறந்தது, இன்னும் எத்தனை கதவுகள் அப்படித் திறக்கும் என்று அது சொல்லாது.

ஒரு பழைய உதாரணம். 1988 நவம்பர் 2ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ரொபேர்ட் மொரிஸ் என்ற மாணவர் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அது தன்னைத் தானே பிரதியெடுத்துப் பரவியது. அக்காலத்து மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, 'ஃபிங்கர்' என்ற சேவையில் இருந்த ஓட்டை. சி மொழியில் 'கெட்ஸ்' என்று ஒரு கட்டளை இருந்தது. வருகிற வரி எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. 512 பைற்றுக்கு ஒதுக்கிய இடத்தில் அதைவிடக் கூட அனுப்பினால் மிச்சம் பக்கத்து நினைவகத்துக்குள் வழியும். இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்பிப் போகவேண்டும் என்ற முகவரி அங்கேதான் இருக்கும். அதை மாற்றி எழுதினால் கணினி உங்கள் சொற்படி ஆடும்.

இதை விளங்கிக்கொள்ள சி மொழி தெரியவேணும், நினைவகத்தில் எது எங்கே அடுக்கப்படுகிறது என்று தெரியவேணும், ஒப்பரேட்டிங் சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேணும். இவை கணினி விஞ்ஞானப் பட்டத்தில் முதல் இரண்டு வருடமும் "இது எதுக்குடா படிக்கிறம்" என்று அலுத்துக்கொண்டு படிக்கிற பாடங்கள். மூன்றாம் வருடம் பாதுகாப்பு வகுப்புக்குள் போனபிறகுதான் அந்த அலுப்பின் பெறுமதி தெரியும். 1988இல் இருந்த அதே வகை ஓட்டை இன்றைக்கும் புதிய மென்பொருட்களில் கண்டுபிடிக்கப்படுகிறது. கருவிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை.

எங்கட நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கு. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை ரன்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போய்விட்டது. திரும்ப எடுக்கப் பக்கப் இருக்கவில்லை. பாவனையில் இருந்தது பழைய 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ். புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் பணமில்லாமலும் முடிவுகள் இழுபட்டும் அது தள்ளிப்போனது. இந்தக் கதையில் ஹூடி போட்ட மேதை யாரும் தேவைப்படவில்லை. பக்கப் எடுத்தோமா, அதை மீட்டுப் பார்த்தோமா, பழைய சேர்வரை மாற்றச் சொல்லி யார் எத்தனை தரம் எழுதினார்கள், யார் கையெழுத்துப் போடாமல் விட்டார்கள் என்பதுதான் கதை. பாதுகாப்பு என்பதில் பாதி இப்படிச் சலிப்பூட்டும் பொறுப்பு. ஆறு மாத விளம்பரம் அதைக் காட்டாது.

சான்றிதழ் வகுப்புகள் வீண் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு சீ.வி. அனுப்பும்போது அவை உதவும். இங்கேயே சைபர் பாதுகாப்பைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பட்டங்களும் இருக்கு, அவற்றில் நல்லவை அடிப்படையையும் சேர்த்தே படிப்பிக்கின்றன. வசதியில்லாத பிள்ளை கடன்பட்டு வெளிநாடு போகத் தேவையில்லை. பட்டத்தின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கோ. முதல் இரண்டு வருடத்தில் நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, ஒப்பரேட்டிங் சிஸ்டம், வலையமைப்பு, கணிதம் இந்த ஐந்தும் இல்லையென்றால் யோசியுங்கோ.

இரண்டாவது கேள்வி

மதம் மாற்றும் பயத்தைப் பகிடி பண்ண எனக்கு விருப்பமில்லை. அதற்கு எங்கள் ஊரில் ஒரு வரலாறு இருக்கு. ஆனால் அந்த வரலாற்றை முழுக்கப் பார்க்கவேணும். ஆறுமுக நாவலர் படித்ததும் படிப்பித்ததும் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையில். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவரும் அவர்தான். அதற்குப் பிறகுதான் அவர் நாங்கள் அறிந்த நாவலர் ஆனார். 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். பிறப்பால் கிறிஸ்தவர், பின்னர் சைவரானார், பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தார். கிறிஸ்தவக் கல்விக்கூடத்துக்குள் போனவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வெளியில் வரவில்லை.

இன்றைய தென்னிந்தியக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் இந்து, முஸ்லிம் மாணவர்களும் நிறையவே படிக்கிறார்கள். என் வகுப்பிலும் கிறிஸ்தவர்கள் சிறுபான்மைதான். காலையில் செபம் நடக்கும், பெரிய நிகழ்வுகளில் பாட்டு இருக்கும், விழுமியக் கல்வி என்று கட்டாயப் பாடம் ஒன்று இருக்கும். என்னை யாரும் மாறச் சொல்லவில்லை. எனக்கு இருந்த குறை வேறு. அவர்கள் என்னிடம் கேட்டது அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டது போதாது என்றுதான் சொல்வேன்.

நம்பிக்கையும் சந்தேகமும்

பாதுகாப்புத் துறையில் இப்போது எல்லாரும் சொல்லுகிற சொல் 'சீரோ ட்ரஸ்ட்'. உள்ளே இருக்கிறவன் என்பதற்காக யாரையும் நம்பாதே, ஒவ்வொரு தரமும் சரிபார் என்பது அதன் சாரம். கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் வாசலில் 'விசுவாசம்' என்று எழுதியிருக்கும். மூன்றாம் மாடி லாப்பில் 'யாரையும் நம்பாதே' என்று படிப்பிப்பார்கள். இது முரண் போலத் தெரியும். எனக்கு அது சுவாரசியமான இடமாகத் தெரிந்தது.

யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், டூரிங் விருது பெற்றபோது ஆற்றி 1984இல் வெளியான உரை பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் படிக்கப்படுகிறது. ஒரு நிரலின் மூலத்தை வரிவரியாக வாசித்துப் பார்த்தாலும் போதாது, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலருக்குள்ளேயே கள்ளக் கதவை ஒளித்து வைக்கலாம் என்று அவர் செய்து காட்டினார். அப்படியென்றால் எல்லாவற்றையும் நீங்களே எழுதினாலொழிய எங்கோ ஓர் இடத்தில் ஒரு மனிதரை நம்பித்தான் ஆகவேணும். யாரை, எந்த அளவுக்கு, என்ன ஆதாரத்தில் நம்புவது? இந்தக் கேள்வியில் கணினி விஞ்ஞானமும் இறையியலும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

அந்த மேசைக்குப் பொருத்தமான ஆள் தோமையார். காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றவர். மற்றச் சீடர்கள் அதற்காக அவரைக் கலைத்துவிடவில்லை. அவர் கேட்ட ஆதாரம் அவருக்குக் காட்டப்பட்டது. தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் தங்கள் மரபின் தொடக்கமாகச் சொல்லுவதும் இவரைத்தான். சரிபார்க்கச் சொல்லிக் கேட்பது துரோகமில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் எங்கள் பாதுகாப்பு வகுப்பில் ஒரு நாளும் தோமையார் வரவில்லை.

இன்னொன்று, பாவசங்கீர்த்தன இரகசியம். 1215இல் நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதைச் சட்டமாகவே எழுதியது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியில் சொல்லும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுவதும் தவம் செய்யக் கடுமையான மடம் ஒன்றில் அடைக்கவேண்டும் என்றது. சைவனான எனக்கு இதில் பிடித்த விசயம் ஒன்று இருக்கு. இரகசியம் வைத்திருக்கிறவன் பிழை செய்தவனாகவே இருக்கட்டும், பாவத்தையே சொல்லியிருக்கட்டும், அப்படியிருந்தும் அவனுடைய இரகசியம் காக்கப்படவேணும் என்கிறது அந்தச் சட்டம். நல்லவர்களுக்கு மட்டும்தான் அந்தரங்கம் என்று அது சொல்லவில்லை. எங்கள் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2022இல். அதன் அடியில் இருக்கவேண்டிய எண்ணத்தை ஒரு மதம் 800 வருடத்துக்கு முதலே தன் சட்டத்தில் எழுதி வைத்திருக்கு.

சந்திக்காத இரண்டு வகுப்புகள்

இவ்வளவு வளம் கையில் இருந்தும் நடப்பது என்ன? விழுமியக் கல்வி ஒரு நாள், பாதுகாப்பு லாப் இன்னொரு நாள். முதலாவதில் நேர்மை, மன்னிப்பு, சமூகசேவை பற்றிக் கட்டுரை எழுதுவோம். இரண்டாவதில் தாக்குதலின் ஐந்து கட்டங்களை விளக்குக என்று கேள்வி வரும். இரண்டும் ஒரு தரமும் சந்திக்கவில்லை. லாப்பில் இருந்த ஒரே அறம், முதல் நாள் நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். இங்கே படிப்பதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டேன், மீறினால் நடவடிக்கை எடுக்கலாம் என்று அதில் இருந்தது. அது பல்கலைக்கழகத்தைப் பாதுகாக்கும் தாள். எங்களுக்கு எதையும் படிப்பிக்கிற தாளில்லை.

சட்டத்தை மீறாதே என்பதோடு அறம் முடிந்துவிடுமென்றால் ஒரு வழக்கறிஞரை ஒரு மணித்தியாலம் கூப்பிட்டால் போதும். 2016 ஓகஸ்ட்டில் இலங்கை ஜனாதிபதியின் இணையத்தளம் ஹக் செய்யப்பட்டது. ஏ.எல் பரீட்சையைப் புதுவருடம் வருகிற ஏப்ரலில் வைக்கவேண்டாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதற்காகக் கைதானவர்களில் ஒருவர் 17 வயது மாணவர். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின்படி பதில் ஒன்றுதான். ஆனால் நீங்கள் அந்தப் பொடியனின் ஆசிரியராக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவனுக்கு அந்த ஓட்டை தெரிந்தபோது யாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்? சொல்லியிருந்தால் நன்றி கிடைத்திருக்குமா, விலங்கு கிடைத்திருக்குமா? திறமையை வீணாக்காமலும் செய்ததை நியாயப்படுத்தாமலும் அவனோடு எப்படிப் பேசுவது? மொரிஸுக்கும் தண்டனை கிடைத்தது. மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணித்தியாலச் சமூகசேவை, 10,050 டொலர் தண்டம். பின்னர் அவர் எம்.ஐ.ரி.யில் பேராசிரியரானார். தண்டனைக்கும் மீட்சிக்கும் இடையில் ஒரு பாதை இருக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. மன்னிப்பைப் பற்றி இவ்வளவு பேசும் ஒரு கல்வி மரபு இதைப் பற்றி லாப்பில் பேசாவிட்டால் வேறு எங்கே பேசுவது?

கம்பஸின் சொந்த வீட்டுக் கதையும் இருக்கு. விடுதி வைஃபைக்கு மாணவர் இலக்கம் போட்டுத்தான் உள்ளே போகலாம். யார் எந்தத் தளத்துக்கு எப்போது போனார்கள் என்று பதிவாகும். வரவுக்குக் கைரேகை வைக்கவேணும், நடைபாதையெங்கும் கமரா இருக்கும். ஒரு நாள் கூட்டத்தில் என் வகுப்புத் தோழன், தமிழ்நாட்டுப் பொடியன், எழும்பிக் கேட்டான்: "ஃபாதர், இந்த ரெக்கார்டையெல்லாம் எத்தனை நாள் வெச்சிருப்பீங்க? யார் யார் பாக்கலாம்?" பாதுகாப்பு வகுப்பில் படித்த பாடத்தின்படி மிகச் சரியான கேள்வி. பதில் சிரித்துக்கொண்டே வந்தது: "தப்பு பண்ணலைன்னா எதுக்குப்பா பயம்?" மண்டபமும் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வடக்கிலோ கிழக்கிலோ வளர்ந்த எவருக்கும் அந்த வசனம் புதிதில்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லும்போதும் வீட்டில் இருக்கிறவர்களின் விபரம் பதிய வரும்போதும் போனை வாங்கிப் பார்க்கும்போதும் எங்கட அம்மா அப்பாக்களுக்குச் சொல்லப்பட்ட வசனம் அதுதான். பிழை செய்யாதவர்களும் பயப்பட்டார்கள். எது பிழை என்பதை முடிவு செய்கிற ஆள் நாங்கள் இல்லை என்பதுதான் அந்தப் பயத்தின் காரணம். அந்த ஃபாதர் கெட்டவரில்லை, பிள்ளைகளில் அக்கறை உள்ளவர்தான். அக்கறையும் கண்காணிப்பும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது இரண்டையும் பிரித்தறியச் சொல்லித் தருவதுதான் பாதுகாப்புக் கல்வி.

இதில் தொழில்நுட்ப நியாயமும் இருக்கு. ஒரு பூட்டின் அமைப்பு முழுக்க எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் அது தாங்கவேணும் என்று கேர்க்கோஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். எங்கள் தரவை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொன்னால் பாதுகாப்புக் கெட்டுவிடும் என்றால், அந்தப் பாதுகாப்பு முதலிலேயே கெட்டுப்போய் இருக்கு என்றுதான் அர்த்தம்.

ஸ்டான் சுவாமியின் கணினி

எந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்திலும் பாதுகாப்புப் பாடத்தில் கட்டாயம் படிக்கவேண்டிய வழக்கு ஒன்று உண்டு என்று நான் நினைக்கிறேன். திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களின் உரிமைக்காகப் பல வருடம் வேலை செய்தவர். பீமா கோரேகாவ் வழக்கில் 2020 ஒக்டோபரில் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். பார்க்கின்சன் நோயாளி. 2021 யூலை 5ஆம் திகதி, பிணை கிடைக்காமலே, காவலில் இருந்தபடி மும்பை மருத்துவமனை ஒன்றில் 84ஆவது வயதில் இறந்தார்.

அவர் இறந்து ஒன்றரை வருடத்தின் பின், 2022 டிசம்பரில், அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்ற்றிங் என்ற டிஜிட்டல் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை வெளியானது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளின் வேண்டுகோளில் அந்த நிறுவனம் அவருடைய கணினியின் பிரதியை ஆராய்ந்திருந்தது. 2014 முதல் 2019இல் கணினி கைப்பற்றப்படும் வரை ஒருவர் மல்வெயார் மூலம் அதற்குள் இருந்திருக்கிறார், 40இற்கு மேற்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டிருக்கின்றன, கைப்பற்றப்படுவதற்கு முதல் நாள் இரவு தடயத்தை அழிக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது என்றது அறிக்கை. செய்தது யார் என்று அது பெயர் சொல்லவில்லை. வழக்குத் தொடுத்த தரப்பு இந்த முடிவுகளை ஏற்கவுமில்லை.

அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியைப் பற்றி 2021இல் வந்த அறிக்கையில் ஒரு சின்ன விபரம் இருக்கு. அவருக்கு எதிரான ஆவணங்களில் சில, மைக்ரோசொஃப்ட் வேர்ட் 2010 அல்லது 2013 பதிப்பிலிருந்து பீ.டீ.எஃப். ஆக்கப்பட்டவை. அவருடைய கணினியில் இருந்ததோ வேர்ட் 2007. அந்த ஆவணங்கள் அந்தக் கணினியில் ஒரு தரமாவது திறக்கப்பட்டதற்கும் தடயம் இல்லை என்றது அறிக்கை. கருவியை ஓடவிட்டுப் பச்சை, சிவப்பு வெளிச்சம் பார்க்கிறவர் இங்கே கோப்பு இருக்கிறது, ஆகவே அவருடையது என்று எழுதியிருப்பார். ஒரு கோப்பு எப்படிப் பிறக்கிறது, திறந்தால் ஒப்பரேட்டிங் சிஸ்டத்தில் எங்கெங்கே கால்தடம் விழுகிறது என்று தெரிந்தவர்தான் விழாத கால்தடத்தையும் கவனிப்பார். முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் பதில் இந்த இடத்தில் ஒன்றாகிறது. ஆழமான கணினி விஞ்ஞானம் இல்லாமல் அந்த முதியவரின் பக்கத்தில் நிற்க முடியாது. அவர் பக்கத்தில் நிற்கவேணும் என்ற எண்ணம் இல்லாவிட்டால் ஆழமான கணினி விஞ்ஞானம் எந்தப் பக்கத்திலும் வேலை செய்யும்.

கிறிஸ்தவம் என்ற பெயர்ப்பலகை மட்டும் பக்கத்தைத் தீர்மானிக்காது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சீடர்வில் என்ற பப்டிஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கு. சைபர் செயற்பாடுகளுக்காக அந்நாட்டின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. அங்கீகரித்த கல்வி மையங்களில் அதுவும் ஒன்று. அங்கே படிப்பவர்கள் தங்கள் நாட்டுக்குச் சேவை செய்வதாக நம்பிப் போகலாம், அதைக் குறைசொல்ல நான் ஆளில்லை. ஒரே வேதாகமத்தை வைத்திருக்கும் ஒருவர் உளவு அமைப்புக்கும் இன்னொருவர் ஆதிவாசிக் கிராமத்துக்கும் போகலாம் என்றால், யாரைப் பாதுகாக்கப் படிக்கிறோம் என்ற கேள்வி வகுப்பிலேயே வாய்விட்டுக் கேட்கப்படவேணும். பெயர்ப்பலகையில் அதற்குப் பதில் இல்லை.

என்ன செய்யலாம்

சிலர் சொல்வார்கள், தொழில்நுட்பத்துக்குள் மதத்தைக் கொண்டுவராதே என்று. எனக்கும் போதனை வேண்டாம். ஆனால் அறமே இல்லாத பாதுகாப்புப் பாடம் என்று ஒன்று கிடையாது. பேசாமல் விட்டால் சம்பளம் தருகிறவரின் அறமே எங்கள் அறமாகிவிடும். இன்னும் சிலர், இதெல்லாம் வேலை எடுத்துத் தருமா என்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகுதான் இது தேவைப்படும். வாடிக்கையாளரின் தரவு கசிந்துவிட்டது, வெளியில் சொல்லாதே என்று மேலாளர் சொல்லும் நாள் இந்தத் துறையில் யாருக்கும் வரலாம்.

ஆகவே கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களிடம் நான் எதிர்பார்ப்பவை மூன்று. ஒன்று, அறக் கேள்வியை லாப் பரீட்சைக்குள் கொண்டுவாருங்கள். ஓட்டையைக் கண்டுபிடி என்பதோடு நிறுத்தாமல், இதை யாருக்கு எப்படி அறிவிப்பாய், அறிவித்தும் முப்பது நாள் பதில் வரவில்லையென்றால் என்ன செய்வாய் என்று கேளுங்கள், அதற்கும் புள்ளி போடுங்கள்.

இரண்டு, உங்கள் சொந்த வீட்டைத் திறவுங்கள். கம்பஸ் இணையத்தளத்தில் ஓட்டை கண்ட மாணவர் யாருக்கு எழுதவேணும், நல்லெண்ணத்தோடு எழுதினால் தண்டிக்கப்படமாட்டார் என்று எழுத்தில் போடுங்கள். தளத்தில் 'செக்கியூரிட்டி டொட் ரெக்ஸ்ட்' என்றொரு சின்னக் கோப்பில் தொடர்பு முகவரியை வைக்கும் முறை 2022இல் இருந்து இணைய ஆவணமாகவே இருக்கு. பத்து நிமிச வேலை. விடுதிப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அதே தளத்தில் சொல்லுங்கள்.

மூன்றாவதைச் சொல்ல மானிப்பாய்க்கு வரவேணும். 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். வைத்தியம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று அவர் நினைக்கவில்லை. இன்றைக்கு வங்கியிலிருந்து என்று போன் வந்து ஓ.ரி.பி. இலக்கத்தைக் கொடுத்துவிட்டு அழுகிற ஆச்சிக்கும், படத்தை வைத்து மிரட்டப்படும் தங்கச்சிக்கும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஆவணங்களை ஒரேயொரு போனில் சேமித்து வைத்திருக்கும் அம்மாவுக்கும் தமிழில் யார் சொல்லிக் கொடுப்பது? மிஷன் மருத்துவமனை போல, கிழமைக்கு ஒரு நாள் கதவு திறக்கும் பாதுகாப்பு உதவி நிலையம் ஒன்றை இறுதி வருட மாணவர்களை வைத்து நடத்தலாம். கோயில் மண்டபத்திலும் நடத்தலாம், பள்ளிவாசலிலும் நடத்தலாம். மேசை, கதிரை, பொறுமை இருந்தால் போதும். எங்கட யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இதைத் தொடங்கலாம், கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்று வழிகாட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

அனுமதிக்கு விண்ணப்பம் போடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். சம்பளம், விடுதி, விசா எல்லாவற்றையும் விசாரியுங்கோ, அது அவசியம். அதோடு, நேர்முகத்தில் கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் தருவார்கள். அப்போது இதைக் கேளுங்கோ: "உங்கட மாணவர் ஒருவர் உங்கட கணினி முறைமையிலேயே பிழை கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்?" உடனே பதில் வந்தால், அதுவும் சந்தோசமாக வந்தால், அங்கே போங்கோ. முகம் மாறினால், வாசலில் என்ன மதத்தின் பெயர் எழுதியிருந்தாலும் சரி, எந்த மதமும் எழுதாமல் விட்டிருந்தாலும் சரி, இன்னொரு இடம் பாருங்கோ.